‘தென்படவில்லை’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு



சென்ற திங்கள் இப்பக்கத்தில், வீட்டு மின்னிணைப்புக்கு எர்த் கம்பி ஏன் இன்றியமையாதது என்பது பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அதைவிடச் சற்று விந்தையானது. ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்கள் உள்ள பழைய சர்வர் கணிப்பொறிகளில், அவற்றின் தொடக்க அமைப்புகளைச் சரிபார்த்துத் திருத்துவது எவ்வாறு என்பதே அது. “அடுப்படிக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே நிற்கும் எங்களுக்கு இது எதற்கு?” என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும், ஒரு தாயின் கண்ணீரும் ஓர் இளைஞனின் நற்பெயரும் இந்தச் சிறு செய்தியைச் சுற்றியே நின்றதை நாம் நேரில் கண்டோம். ஆகவே எழுதுகிறோம்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பிழைப்பு முறையில் இரண்டு ஊர்களும் வெவ்வேறானவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலும் பால்கோவாவும் கைத்தறியும் பேர்பெற்றவை. இராஜபாளையத்திலோ பஞ்சும் நூலும் ஆட்சி செய்கின்றன. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-ஆம் ஆண்டில் இங்கே நூற்பாலை நிறுவனத்தைத் தொடங்கினார். அக்குடும்பத்தார் வளர்த்த தொழிற்குழுமத்திலிருந்தே, 1990-களில் ராம்கோ சிஸ்டம்ஸ் எனும் மென்பொருள் நிறுவனமும் தோன்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. இவ்வாறு பஞ்சு பறக்கும் ஊரிலே கணிப்பொறியும் குடியேறிற்று. பேல் கணக்கு, கூலிக் கணக்கு, துணிக் கணக்கு யாவும் அதன் பொறுப்பாயின. பஞ்சும் கணிப்பொறியும் அண்டை வீட்டாராக வாழ்வதில் ஒரு தொல்லை உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் கழிந்த இரண்டாம் வாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த நெசவுக் குடும்பத்துத் தாய் ஒருவர் மாலை நேரத்தில் நம் இல்லத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர். மூத்த மகன் இராஜபாளையத்தில் ஒரு சிறிய பேண்டேஜ் துணி நிறுவனத்தில் அலுவலக உதவியாளன். அவனுடைய சம்பளத்தில்தான் தங்கையின் படிப்பு நடந்துகொண்டிருந்தது.

“சாமி, என் பிள்ளை அடுத்தவங்க பொருளத் தொட மாட்டான். தூசி தட்டத்தான் அந்தப் பெட்டியத் திறந்தானாம். இப்போ உள்ள இருந்த சாமானைக் காணோம்னு சொல்லி வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. போலீசுக்குப் போவோம்னு சொல்றாங்க சாமி” என்று சொல்லி அழுதார்.

விசாரித்தபோது தெரிந்தது இதுதான். அந்நிறுவனத்தின் கணக்கு முழுவதும் தரையில் நிற்கும் இரும்புப் பெட்டி போன்ற ஒரு பழைய சர்வரில் இருந்தது. அதைச் சென்னையிலிருந்து பழைய விலைக்கு வாங்கியிருந்தார்கள். பென்டியம் 3 வகைப் பிராசசர்கள் இரண்டு அதனுள் இருப்பதாக விற்பனைச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது. இயங்குதளம் லினக்ஸ். ஆண்டுக்கணக்கில் ஓடியதால் பஞ்சுத் தூசி உள்ளே புகுந்து, விசிறிகளில் மெத்தையாகப் படிந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் அதைச் சுத்தம் செய்துவிடலாம் என்று இளைஞன் முதலாளியிடம் அனுமதி கேட்டான், அவரும் தந்தார். மின் இணைப்பைக் கழற்றி, மூடியைத் திறந்து, தூரிகையால் தூசியை நீக்கி மூடிவைத்தான். நான்கு நாள் சென்று அலுவலகம் திறந்தபோது, கணிப்பொறி ஒரு பீப் ஒலியெழுப்பி ஏதோ ஒரு விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தினார்கள், ஓடத் தொடங்கிற்று. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் அன்று முதல் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. ஐந்து பேர் ஒரே வேளையில் கணக்கைத் திறந்தால் ஒவ்வொருவரும் காத்திருக்க நேர்ந்தது. மதுரையிலிருந்து ஒரு பழுதுபார்ப்பவரை வரவழைத்தார்கள். அவர் திரையைப் பார்த்து, “இதில் ஒரு பிராசசர்தான் இருக்கிறது” என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லக் கருதியது, “கணிப்பொறிக்கு ஒன்றுதான் தெரிகிறது” என்பதே. முதலாளியின் காதில் விழுந்ததோ, “ஒன்று களவு போயிருக்கிறது” என்பது. சீட்டில் இரண்டு, பெட்டியில் ஒன்று, பெட்டியைத் திறந்தவன் ஒருவன். கணக்குச் சரியாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றிற்று. இனி எவரும் தொடக்கூடாது என்று பெட்டியின் மூடியைச் சுற்றித் தாளை ஒட்டிக் கையொப்பமும் இட்டுவிட்டார். சான்று அழியாதிருக்க வேண்டுமென்று எண்ணி, உண்மையைக் காணும் வழியையும் அவரே அடைத்துவிட்டார்!

நாம் குருமடத்தில் கற்றது தத்துவமும் இறையியலும், கணிப்பொறி அன்று. ஒரு பொருள் இருப்பது வேறு, அது அறியப்படுவது வேறு என்று தத்துவ வகுப்பில் பல நாள் பாடம் கேட்டிருக்கிறோம். அந்தப் பாடத்துக்கு இரும்புப் பெட்டிக்குள் விளக்கம் கிடைக்குமென்று எதிர்பார்க்கவில்லை. நம் பங்கில், ஆலைக் கணிப்பொறிப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்துக்கொண்டு ஞாயிறு பிற்பகல் அந்நிறுவனத்துக்குச் சென்றோம். முதலாளி மரியாதையாகவே வரவேற்றார். மனத்தில் கசப்பு இருந்தது. இளைஞன் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

நம் நண்பர் பெட்டியைத் தொடுவதற்கு முன் கணக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பொங்கல் கழித்து முதன்முதலாக இயக்கிய அன்று, தேதி சரியாக இருந்ததா ஐயா?”

“இல்லையே! ஏதோ பழைய வருஷம் காட்டியது. நான்தான் திருத்தி வைத்தேன்” என்றார் கணக்கர்.

நண்பர் தலையசைத்தார். பிறகு முதலாளியின் அனுமதியோடு, அனைவர் முன்னிலையிலும் தாளைக் கிழித்து மூடியைத் திறந்தார். உள்ளே, இரண்டு நீண்ட பள்ளங்களில், இரண்டு பிராசசர்களும் தத்தம் விசிறியோடு அருகருகே நின்றன. எவரும் எதையும் எடுத்துச் செல்லவில்லை.

ஐயம் அத்துடன் தீர்ந்ததா? தீரவில்லை. “நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதைச் செருகி வைத்திருக்கலாமே, ஃபாதர்? இரண்டும் நல்லவை என்றால் கணிப்பொறி ஏன் ஒன்று என்கிறது?” என்றார் முதலாளி. ஐயம் இப்படித்தான். ஒரு வாசலை அடைத்தால் மறு வாசல் வழியே வரும். ஆனால் அவருடைய கேள்வி நல்ல கேள்வி. அதற்கு நண்பர் சொன்ன விளக்கத்தை, வாசகர்கள் எளிதில் அறியுமாறு நம் சொற்களில் தருகிறோம்.

கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்தவுடன், லினக்ஸோ விண்டோஸோ உடனே எழுந்துவிடுவதில்லை. முதலில் எழுவது, மதர்போர்டு எனும் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லுக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும் தொடக்க நிரல். தொழிலில் உள்ளோர் இதைப் பயாஸ் என்பர். கோவில்பிள்ளை விடியற்காலையில் முதல் ஆளாய் எழுந்து, கதவைத் திறந்து, விளக்கேற்றி, மணியடித்து மற்றவர்களை எழுப்புகிறாரன்றோ? பெட்டியில் எத்தனை பிராசசர் இருந்தாலும், தொடக்கத்தில் பணியை ஏற்பது ஒன்றே ஒன்று. மற்றவை, பெயர் சொல்லி அழைக்கும் வரை அசையாமல் காத்திருக்கும். அழைக்க வேண்டியது இயங்குதளம். யாரை அழைப்பது என்பதை அது தானாக அறியாது. பயாஸ் எழுதி வைக்கும் ஒரு பட்டியலைப் படித்துத்தான் அறியும்.

இந்தப் பட்டியலை நம் குடும்ப அட்டைக்கு ஒப்பிடலாம். புதிதாக வந்த மருமகள் வீட்டில்தான் இருக்கிறாள், சமைக்கிறாள், உண்கிறாள். ஆனால் பெயர் அட்டையில் ஏறாதவரை, ரேஷன் கடையில் அவளுக்குரிய அரிசி கிடைப்பதில்லை. கடைக்காரர் வீட்டுக்கு வந்து தலை எண்ணுவதில்லை, அட்டையைத்தான் பார்க்கிறார். இயங்குதளமும் அப்படியே. அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பிராசசர். ஒன்று இருந்தால் ஒன்று. அட்டையே காணப்படாவிட்டால், முன்னரே எழுந்து நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும்.

இவ்வட்டைக்கு ஒரு பொது வடிவம் வேண்டுமென்று இன்டெல் நிறுவனம் விதிமுறை ஒன்றை வகுத்தது. அதன் 1.1 எனும் பதிப்பு 1994-இலும், 1.4 எனும் பதிப்பு 1995-இலும் வெளிவந்தன. பிந்திய பதிப்பில், பல தடங்கள் கொண்ட பெரிய பலகைகளை விவரிக்கும் பகுதிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஏசிபிஐ எனும் மற்றொரு முறையும் வந்து, காலப்போக்கில் அதுவே எங்கும் நிலைபெற்றது. 1990-களின் கடைசியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் செய்யப்பட்ட பல சர்வர்களில் இவ்விரு வகை அட்டைகளும் இருக்கும். எந்த அட்டையைக் காட்டுவது, எந்தப் பதிப்பில் காட்டுவது என்பதைப் பயாஸ் அமைப்புப் பக்கத்தில் நாம் தேர்ந்து வைக்க வேண்டும்.

நாம் தேர்ந்து வைத்ததைப் பெட்டி எங்கே நினைவில் வைத்திருக்கிறது? சிறு நினைவகம் ஒன்றில். மின்சாரம் இல்லாத வேளையில் அதைக் காப்பது, சிஆர் 2032 எனும், நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம். கடிகாரத்தையும் அதுவே ஓட்டுகிறது. பெட்டியின் மின்கம்பி சுவரில் செருகப்பட்டிருக்கும் வரை, கணிப்பொறி நிறுத்தப்பட்டிருந்தாலும், அந்நினைவகத்துக்குச் சிறிது மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ஆகவே மின்கலம் என்றோ செத்திருந்தாலும் எவருக்கும் தெரியாது. கம்பியை உருவிய அன்றுதான் அது வெளிப்படும்.

இப்போது வாசகர்களே நடந்ததை ஊகித்திருப்பீர்கள். இளைஞன் தூசி தட்டுவதற்காக, முறைப்படி, கம்பியைக் கழற்றினான். நான்கு நாள் பெட்டி மின்சாரமின்றிக் கிடந்தது. செத்த மின்கலத்தால் நினைவைக் காக்க இயலவில்லை. தேதி பின்னோக்கிச் சென்றது. பிராசசர் அட்டையைக் காட்டும் அமைப்பும், அந்தப் பலகை தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிற்று. அந்நிலையில் அது அணைக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் எழுந்து அட்டையைத் தேடிற்று, காணவில்லை. கணிப்பொறியின் தொடக்கக் குறிப்பேட்டை நண்பர் திறந்து ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார். பல பிராசசர்களுக்கான தாய்ப்பலகை தென்படவில்லை என்பது அதன் பொருள். கவனியுங்கள்: ‘இல்லை’ என்று அந்த இயந்திரம் எழுதவில்லை; ‘தென்படவில்லை’ என்றுதான் எழுதியிருந்தது. இயந்திரத்துக்கு இருந்த நிதானம் மனிதருக்கு இல்லாது போயிற்று.

அதன்பின் செய்தது மிகச் சிறிய வேலை. கடைத்தெருவில் சில பத்து ரூபாய்க்குப் புதிய மின்கலம் வாங்கி மாட்டினார். தொடக்கத்திலேயே உரிய விசையை அழுத்திப் பயாஸ் பக்கத்துக்குள் சென்றார். தேதியைத் திருத்தினார். பல பிராசசர் அமைப்பை இயக்கி, பதிப்பை 1.4 என வைத்து, சேமித்து வெளியேறினார். கணிப்பொறி மீண்டும் எழுந்தது. திரையில் இரண்டு பிராசசர்களும் தென்பட்டன. இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கடுமையான வேலை கொடுத்துப் பார்த்தார். இரண்டும் சலிக்காமல் உழைத்தன. கெட்டது என்று கருதப்பட்டதும் நல்லதாகவே இருந்தது.

முதலாளி சிறிது நேரம் பேசவில்லை. பின்பு வாசலுக்கு வந்து, “தம்பி, நாளையிலிருந்து வேலைக்கு வா” என்றார். அவ்விளைஞன் மெல்லச் சொன்னான்: “வருகிறேன் முதலாளி. ஆனால் பெட்டியைத் திறந்தவன் திருடன் என்று யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடம் ‘அப்படி இல்லை’ என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள்.” முதலாளி தலைகுனிந்தார். மறுநாள் காலை, வேலை தொடங்குமுன், தறிக்காரர்களும் கணக்கரும் கூடியிருக்க, தாமே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார் என்று கேள்விப்பட்டோம். அதைச் செய்ய அவருக்கும் துணிவு வேண்டியிருந்தது. அவரையும் மெச்சுகிறோம்.

இனி, பழைய சர்வர் வைத்திருக்கும் பள்ளிகளுக்கும், சிறு தொழில் நடத்தும் நம் குடும்பங்களுக்கும் பயன்படும்படி, நண்பர் கூறிய நடைமுறைகளைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, எதையும் தொடுமுன் கணக்குகளின் நகலை வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள். பிறகு பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களைத் தாளில் அச்சிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவைப்பது இன்னும் நன்று. நினைவு இழந்த பெட்டிக்கு அத்தாளே நினைவு. பயாஸுக்குள் செல்லும் விசை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும். எஃப் 1, எஃப் 2, எஃப் 10, டெலீட் ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பது வழக்கம். தொடக்கத் திரையின் அடியில் அதை எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, தேதியைப் பாருங்கள். பின்னோக்கிப் போயிருந்தால் முதல் ஐயம் மின்கலத்தின்மீதே விழ வேண்டும், மனிதர்மீதன்று. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது, பிராசசர்களைப் பற்றிய பக்கத்தில் ஒவ்வொன்றும் இயங்கும் நிலையில் உள்ளதா என்று பாருங்கள். சில சர்வர்கள், ஒருமுறை தொடக்கச் சோதனையில் தவறிய பிராசசரை நினைவில் வைத்து, பின்னர் அதை அழைக்காமலே ஒதுக்கிவிடும். அத்தகைய பெட்டிகளில் மறுசோதனைக்கென்று ஓர் அமைப்பு இருக்கும். தூசியால் சூடேறி ஒரு நாள் தவறியது, சுத்தம் செய்தபின் நன்றாக உழைக்கக்கூடும். ஒரு நாள் தவற்றுக்காக என்றென்றைக்கும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஏபிக் எனும் அமைப்பு இயங்க வேண்டும். விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு ஆகியவை பிராசசரை அழைக்கும் அழைப்புமணிகளைப் பங்கிட்டுத் தருவது இதுவே. பழைய முறை அழைப்புமணி ஒரே ஒரு பிராசசருக்குத்தான் கேட்கும். அட்டையின் பதிப்பைப் பொறுத்தவரை 1.4 என்பதே பெரும்பாலும் பொருந்தும். மிகப் பழைய இயங்குதளம் அதை ஏற்காது நின்றால் மட்டும் 1.1-க்கு மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாவது, விண்டோஸ் 2000, விண்டோஸ் சர்வர் 2003 ஆகியவற்றை வைத்திருப்போர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அவை நிறுவப்படும் வேளையிலேயே, ஏசிபிஐ உண்டா இல்லையா, பிராசசர் ஒன்றா பலவா என்று பார்த்து, அதற்கேற்ற அடித்தளக் கோப்பைத் தேர்ந்துகொள்கின்றன. பின்னாளில் ஏசிபிஐ அமைப்பை நாம் மாற்றினால், இயங்குதளம் எழாமலே நின்றுவிடக்கூடும். மேலும், இவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் முறையே 2010 ஜூலையிலும் 2015 ஜூலையிலும் நின்றுவிட்டன. அத்தகைய பெட்டியை இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்திருங்கள்.

ஆறாவது, இரண்டு பிராசசர்களும் ஒரே வகை, ஒரே வேகம் உடையனவாக இருக்க வேண்டும். பென்டியம் 3 காலத்துப் பலகைகள் பலவற்றில், இரண்டாவது பள்ளம் காலியாக இருந்தால் அதில் ஒரு வெற்று அட்டையைச் செருகி வைக்க வேண்டும். சிலவற்றில் இரண்டாவது பிராசசருக்கென்று மின்னழுத்தத்தைச் சீராக்கும் தனிச் சிறு பலகையும் தேவைப்படும். அது இல்லாவிடில், பிராசசர் நன்றாக இருந்தும் உயிர் பெறாது.

ஏழாவது, பயாஸ் நிரலையே புதுப்பிக்க நேர்ந்தால், யுபிஎஸ் இணைப்பு இன்றித் தொடங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகக்கூடும். 2012-ஆம் ஆண்டுவாக்கில் தமிழகத்து மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

‘இருப்பது தென்படாது போவதைக் கண்டோம், இல்லாதது தென்படுவதும் உண்டோ?’ எனக் கேட்பீர்களாயின், உண்டு. 2002-ஆம் ஆண்டில் ஜியான் எனும் சர்வர் பிராசசரில் ஹைப்பர்த்ரெடிங் என்ற முறை வந்தது. அதில் ஒரே பிராசசர், இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டாகத் தோன்றும். இரண்டு வாங்கியவர் திரையில் நான்கைக் காண்பார். ‘விற்றவன் இரண்டைச் சேர்த்துத் தந்துவிட்டான்’ என மகிழ வேண்டாம். வேலையைப் பொறுத்து இம்முறை சிறிது வேகம் தரும். சில வேலைகளில் தடையாகவும் இருக்கும். பயாஸில் அதை இயக்கியும் அணைத்தும் இரு நிலையிலும் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இவையெல்லாம் ஒற்றைப் பெட்டியின் கதை. பல பிராசசர்களைச் சேர்த்து உழைக்கவைக்கும் கலையில் நம் நாடு பின்தங்கியதன்று. புனேயின் சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 எனும் மீக்கணிப்பொறியை உருவாக்கியது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தார், 2004-ஆம் ஆண்டில் கப்ரு எனும் கணிப்பொறித் தொகுதியை அமைத்தனர். அதில் 144 கணிப்பொறிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் பிராசசர்கள். ஆக மொத்தம் 288. அணுவின் உள்ளே உள்ள துகள்களைப் பற்றிய கணக்குகளை அது செய்தது. இத்தகைய தொகுதியில் ஒரே ஒரு பெட்டி மட்டும் வேறோர் அமைப்பில் எழுந்தாலும், மற்றவை யாவும் அதற்காகக் காத்து நிற்க நேரிடும். ஆகவேதான் அங்குள்ளோர் ஒவ்வொரு பெட்டியின் அமைப்பையும் ஒன்றுபோல் வைத்து, எழுதியும் வைக்கின்றனர். 144 பெட்டிக்கு வேண்டிய ஒழுங்கு நம் ஒற்றைப் பெட்டிக்கும் வேண்டும்.

அன்பர்களே, வீட்டில் மோதிரம் காணோம், பெட்டியில் பணம் குறைகிறது, அலுவலகத்தில் ஒரு பொருளைக் காணோம் என்றால், நம் கண் முதலில் யார்மீது செல்கிறது? வேலைக்கு வந்த பெண்மீதும், கடைசியாகத் தொட்ட பையன்மீதும், ஏழைமீதுமே செல்கிறது. அந்த இளைஞன் செய்தது என்ன? எவரும் சொல்லாமலே, விடுமுறை நாளில் வந்து பஞ்சுத் தூசியைத் தட்டினான். அக்கறையோடு உழைத்தவனே அகப்பட்டுக்கொண்டான். அக்கறையின்றிப் பெட்டியைத் தொடாமலே இருந்தவர்கள்மீது எவருக்கும் ஐயம் எழவில்லை.

அவன் தங்கை இப்போது படிப்பை முடித்துவிட்டாள். அந்தப் பழைய சர்வரும் ஓய்வு பெற்றுவிட்டது. கணக்குகள் புதிய பெட்டிக்கு மாறிவிட்டன. மாற்றிக் கொடுத்தவன் அவனேதான். சென்ற மாதம் அந்நிறுவனத்துக்குச் சென்றபோது, புதிய பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கக் கண்டோம். பயாஸ் அமைப்புகள் யாவும் வரிசையாக அதில் எழுதப்பட்டிருந்தன. அதன் கீழே, மின்கலம் மாற்றிய தேதியும் இருந்தது. எழுதியிருந்த கையெழுத்து அவ்விளைஞனுடையதன்று, முதலாளியினுடையது.